240 ரூபாய் பயணப்படியைச் சரிபார்க்க என்ன செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு அலுவலகங்களில் பட்டியல் பிரிவில், அதாவது பணம் கேட்டு வரும் பில்களைப் பார்க்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே நான்கு இடம் மாறியிருக்கிறேன். நாகர்கோவிலில் காலை நடை போகும்போது கூட வருகிறவர்கள், "அரசு ஊழியர் ஊர் சுற்ற எவ்வளவு போகுது? கேட்டால் கணக்கு தருவாங்களா?" என்று கேட்கிறார்கள். வேலையில் இருக்கும் பிள்ளைகள் கேட்பது வேறு: "சார், மதுரைக்குப் போய் வந்த காசு ஏழு மாசமா வரலை, என்ன செய்ய?" இரண்டு தரப்புக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பயணப்படி என்றால் என்ன? சம்பளத்தோடு வருவதா?

இல்லை. அலுவலக வேலையாக வெளியூர் போனால் ஆகும் செலவைத் திருப்பித் தருவது பயணப்படி. அதற்குள் இரண்டு பகுதி உண்டு. ஒன்று பஸ், ரயில் கட்டணம். இன்னொன்று தினப்படி, அதாவது வெளியே தங்கிச் சாப்பிடுவதற்கான தொகை. தினப்படியையும் டி.ஏ. என்பார்கள், அகவிலைப்படியையும் டி.ஏ. என்பார்கள். "டி.ஏ. ஏறிடுச்சாமே" என்று யாராவது பொறாமைப்பட்டால் எந்த டி.ஏ. என்று கேட்டுக்கொள்ளுங்கள், தினப்படி அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

தமிழக அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இது 304 என்ற கணக்குத் தலைப்பில் வரும். சுற்றுப்பயணப்படி, மாறுதல் பயணப்படி, நிலையான பயணப்படி என்று அதற்குள் உட்பிரிவுகள் உண்டு. தகவல் கேட்கும்போது இந்த எண் உதவும் என்பதால் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஊருக்குப் போனாலும் தருவார்களா?

தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டினால்தான் தினப்படி. நாகர்கோவிலில் வேலை பார்ப்பவர் சுசீந்திரம் போய் வந்தால் கிடையாது, கன்னியாகுமரி போனால் உண்டு.

நம் மாவட்டத்தில் யார் அதிகம் பயணம் போகிறார்கள்?

ஊர் சிறிது, 1,672 சதுர கிலோமீட்டர்தான். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் மாவட்டத்தின் எந்த மூலைக்கும் போய்விட்டு அன்றே திரும்பலாம். அதனால் உள்ளூர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் சில்லறைத் தொகைகள்: விளவங்கோடு பக்கத்திலிருந்து ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்கு வந்தது, திருவட்டாறிலிருந்து கோப்பு கொண்டு வந்தது, இப்படி.

பெரிய பட்டியல் இரண்டு வழியில் வரும். சென்னை ஒன்று, ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, மதியம் கூட்டம் முடித்து, மறுபடி ரயில். மற்றது மதுரை. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கிய பிறகு, நிலத் தகராறு, பணி வழக்கு, அவமதிப்பு வழக்கு என்று எது வந்தாலும் இங்கிருந்து ஒருவர் கட்டுக் கோப்போடு 240 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு முன் இதற்கெல்லாம் சென்னைக்கே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மதுரைக் கிளை மிச்சப்படுத்திய பயணப்படியை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. நமக்குக் கிட்டத்தில் இருக்கும் விமான நிலையம் திருவனந்தபுரம், அதாவது வேறு மாநிலம். மேலதிகாரி விமானத்தில் வந்தால் அவரை அழைத்து வரப் போகும் வண்டி மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்ட வேண்டும்.

ஒரு பயணப்படிப் பட்டியலைச் சரிபார்க்க உண்மையில் என்ன செலவாகும்?

எனக்குப் பிடித்த கேள்வி. இதற்கு அரசாணை எதுவும் பதில் சொல்லாது, நாமே கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

ஓர் உதவியாளரின் மாதச் சம்பளம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 22 வேலை நாள், நாளுக்கு 7 மணி நேரம். மணிக்கு 292 ரூபாய் வரும், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5 ரூபாய்.

இப்போது கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் நாகர்கோவிலில் நடந்த கூட்டத்துக்கு வந்து போகிறார். கட்டணமும் தினப்படியும் சேர்த்து 240 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படிவத்தையும் சுற்றுப்பயண நாட்குறிப்பையும் நிரப்ப 20 நிமிடம்: எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்த பஸ், எங்கே இறங்கினார், எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை. பிரிவு எழுத்தர் தூரத்தையும் கட்டணத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க 15 நிமிடம். கண்காணிப்பாளர் 5. அலுவலர் மேலொப்பம் 3. கணினியில் ஏற்றி, காகிதத்தை ஸ்கேன் செய்து இணைக்க 10. கருவூலத்தில் பார்த்து அனுப்ப 7. கூட்டினால் 60 நிமிடம், 300 ரூபாய்.

240 ரூபாய் கொடுக்க 300 ரூபாய். அலுவலரின் ஒரு நிமிடம் 5 ரூபாய்க்கு மேல் என்பதையோ, பழைய கட்டுகளை அடுக்கி வைக்கும் அறையையோ, நாலு வருடம் கழித்து வரும் தணிக்கையையோ இதில் நான் சேர்க்கவே இல்லை.

அப்படியென்றால் எல்லாப் பட்டியலுமே நஷ்டமா?

இல்லை. எட்டுப் பேர் ஒரே கூட்டத்துக்குப் போனால் ஒரே பட்டியலாகப் போடலாம். ஒவ்வொருவரும் எழுதும் 20 நிமிடம் குறையாது, ஆனால் மற்ற வேலையெல்லாம் சேர்ந்து 70 நிமிடத்தில் முடியும். தலைக்கு 29 நிமிடம், 145 ரூபாய். பாதிக்குப் பாதி மிச்சம். மாதம் ஒருமுறை சேர்த்து அனுப்பச் சொல்வது இதற்குத்தான். சென்னைக்குப் போய் இரண்டு நாள் தங்கியவரின் பட்டியல் சில ஆயிரம் ரூபாய் வரும். அதற்கும் அதே ஒரு மணி நேரம்தான். அதைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. சில்லறைப் பட்டியலைத் தனித்தனியாகச் சல்லடை போடுவதில்தான் காசு போகிறது.

வெளிநாட்டில் யாராவது இப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறார்களா?

பிரிட்டனில் பார்த்தார்கள். 2009-ல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு வெளியே வந்து பெரிய அசிங்கமாகிவிட்டது. குளத்தில் வாத்துகளுக்கு ஒரு வீடு வைக்க 1,645 பவுண்டு கேட்டிருந்தார் ஓர் உறுப்பினர். உடனே தனி அமைப்பு தொடங்கி, ஒவ்வொரு ரசீதையும் பார்க்க ஆரம்பித்தார்கள். 2011-ல் அவர்களுடைய தேசிய தணிக்கை அலுவலகம் அந்த அமைப்பையே தணிக்கை செய்தது. வந்த கோரிக்கைகளில் 38 சதவீதம், அவற்றைப் பரிசீலிக்க ஆகும் செலவைவிடக் குறைந்த தொகைக்கானவை என்று தெரிந்தது.

மத்திய அரசு இதற்கு என்ன செய்தது?

சாப்பாட்டு ரசீதை விட்டுவிட்டது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் வந்த உத்தரவு அது. அதற்கு முன் சாப்பிட்ட பில்லைக் காட்டிப் பணம் வாங்க வேண்டும். வெளியூர் ஓட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு பில் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். கடைசியில் வெற்று பில் புத்தகம் வாங்கி ஆளுக்கு ஒன்று எழுதிக்கொள்ளும் பழக்கமே வளர்ந்தது. பொய் எழுதத் தெரியாதவருக்குத்தான் நஷ்டம்.

2017-ல் மொத்தத் தொகை என்று ஆக்கினார்கள். அப்போது வைத்தது ஊதிய நிலை 5 வரை நாளுக்கு 500 ரூபாய், 6 முதல் 8 வரை 800, 9 முதல் 11 வரை 900. வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குக் குறைவென்றால் அதில் 30 சதவீதம், 12 மணி நேரம் வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுத்தொகை. ரசீது வேண்டாம். தங்குமிடத்துக்கும் நிலை 8 வரை உள்ளவர்கள் எங்கே, எத்தனை நாள் தங்கினோம் என்று தாங்களே சான்றளித்தால் போதும்.

நம் மாவட்டத்தில் அஞ்சல் துறை, ரயில்வே மாதிரி மத்திய அரசுத் துறைகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்த முறை. மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு பயணப்படி விதிகள் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு "அவனுக்கு 800, எனக்கு ஏன் இல்லை" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

இன்னொன்று: மத்திய அரசு ஊழியர் பயணம் முடிந்து 60 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று 2018-ல் மாற்றினார்கள். முன்பு ஒரு வருடம் இருந்தது. அசட்டையாக இருந்து காசை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

தமிழக அரசிலும் மொத்தத் தொகை முறை உண்டா?

உண்டு, நிலையான பயணப்படி என்ற பெயரில். கிராம நிர்வாக அலுவலர் மாதிரி தினமும் வெளியே அலைய வேண்டியவர்களுக்கு மாதம் ஒரு தொகை, அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனதைப் பட்டியல் போட்டால் அவர் பட்டா வேலையைப் பார்ப்பது எப்போது? தொகை போதாது என்ற குறை நியாயமானது, முறை சரியானது.

கணினிமயம் ஆனபிறகு இந்தச் செலவு குறையவில்லையா?

ஓரளவு. தமிழக அரசு ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தை 288.91 கோடி ரூபாயில் கொண்டு வந்தது. சம்பளம், ஓய்வூதியம், எல்லாப் பட்டியலும் அதில்தான் ஓடுகிறது, ஆகவே அந்தத் தொகையைப் பயணப்படியின் தலையில் கட்டுவது அநியாயம். முன்பெல்லாம் அலுவலக உதவியாளர் பட்டியல் கட்டைத் தூக்கிக்கொண்டு சார்நிலைக் கருவூலத்துக்குப் போய் டோக்கன் வாங்கி நிற்பார். அதுவே ஒரு பயணம்! அது ஒழிந்தது.

ஆனால் நாட்குறிப்பை எழுதும் நேரம் குறையவில்லை. காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதையே மறுபடி தட்டச்சு செய்து, காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். ஒரு வேலை இரண்டாகிவிட்டது.

செல்பேசிச் செயலி, ஜி.பி.எஸ். வைத்துக் கண்காணித்தால் என்ன?

அரசு ஜீப்புக்கு வைக்கலாம், பலன் உண்டு. ஆளுக்கு ஆள் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போனால் சிக்னலே இருக்காது. உண்மையில் மலையேறி வேலை பார்த்தவர்தான் பயணம் போகாதவராகத் தெரிவார்.

கோதையாறை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கோதையாறிலிருந்து மேல்க் கோதையாறு வரைபடத்தில் கை நீட்டினால் எட்டும் தூரம். விஞ்ச் (மலைச்சரிவில் கம்பியால் இழுக்கும் வண்டி) இல்லாமல் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போய், அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று சுற்றித்தான் ஏற வேண்டும். ஊர் தெரியாத கணினி இதைப் பொய்க்கணக்கு என்று சிவப்பு விளக்குக் காட்டும். அதற்கு விளக்கம் எழுத ஒருவர், விளக்கத்தை ஏற்க ஒருவர்.

அப்புறம் பொய்ப் பட்டியல்களை எப்படித்தான் பிடிப்பது?

பொய்ப் பட்டியல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்திருக்கிறேன். ஒரே ஜீப்பில் நாலு பேர் போய்விட்டு நாலு பேரும் பஸ் கட்டணம் கேட்பது சாதாரணம். தலைமையிடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அதே நாளில் தூத்துக்குடியில் முகாம் என்று எழுதுவது இன்னொன்று. தற்செயல் விடுப்பு நாளிலேயே பயணம் காட்டியவரும் உண்டு. அது திருட்டை விட மறதி.

இதையெல்லாம் ரசீதைப் பார்த்துப் பிடிக்க முடியாது, ரசீது எப்போதும் சரியாகவே இருக்கும். மூன்று பதிவேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்: வருகைப் பதிவேடு, வாகன ஓட்டப் பதிவேடு, கூட்டத்தில் கலந்துகொண்டோர் கையெழுத்துப் பட்டியல். இருபது பட்டியலில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து இப்படிக் குடைந்து பாருங்கள். எந்தப் பட்டியல் எடுக்கப்படும் என்று தெரியாதபோது கை நடுங்கும். சிக்கினால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடுமையான 17(ஆ) குற்றச்சாட்டு வரை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற பத்தொன்பதையும் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடலாம்.

டீசல் கணக்கு இதைவிடப் பெரிய விஷயம். பஸ் டிக்கெட்டை உருட்டிப் பார்க்கும் அலுவலகத்தில் ஓட்டப் பதிவேடு மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரம்புவதை நான் கண்ணால் கண்டவன்.

என் பயணப்படி மாதக்கணக்கில் வரவில்லை. சோதனை தாமதமா?

பெரும்பாலும் சோதனை இல்லை, ஒதுக்கீடு. தலைப்பில் பணம் இல்லையென்றால் பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மேசையில் தூங்கும். மார்ச்சில் கூடுதல் ஒதுக்கீடு வந்தால் எல்லாம் ஒரேயடியாகப் போகும், அப்போது சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. பட்டியலை நேரத்துக்குக் கொடுத்து, கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுமக்கள் இந்தக் கணக்கைக் கேட்க முடியுமா?

தாராளமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"இதைத் தொகுக்க ஆள் இல்லை, செலவு அதிகம்" என்று பதில் வந்தால்?

இந்தப் பதில் எல்லா ஊரிலும் வருவதுதான். பாதி நியாயம், பாதி சாக்கு.

நியாயமான பாதி: 2011-ல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டவே செலவிடும் நிலையை நாடு விரும்பவில்லை என்று சொன்னது. இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. "பத்து வருடமாக எல்லா ஊழியரும் போன எல்லாப் பயணமும், தேதிவாரியாக" என்று கேட்டால் ஒரு பிரிவு முழுக்க உட்கார்ந்து பழைய கட்டுகளைப் பிரிக்க வேண்டும். அந்த ஒரு மனுவின் விலை, அந்த அலுவலகத்தின் ஒரு வருடப் பயணப்படியையே தாண்டிவிடலாம்.

சாக்கான பாதி: சட்டத்தின் 7(9) பிரிவு, கேட்ட வடிவத்தில் தந்தால் அலுவலகத்தின் வளங்கள் அளவுக்கு மீறித் திசைதிரும்பும் என்றால் அந்த வடிவத்தில் தர வேண்டாம் என்கிறது. வடிவத்தைத்தான் சொல்கிறது, தகவலையே மறுக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. பட்டியல் பதிவேடு எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. கணக்குத் தலைப்புவாரியாகச் செலவு எவ்வளவு என்பது கணினியில் இருக்கிறது. அதற்கு ஆள் தேவையில்லை.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "304 தலைப்பின் கீழ் சுற்றுப்பயணப்படிக்காக 2023-24, 2024-25 ஆண்டுகளில் இந்த அலுவலகம் செலவிட்ட மொத்தத் தொகை. இந்த ஆண்டுகளின் பட்டியல் பதிவேட்டையும் வாகன ஓட்டப் பதிவேட்டையும் நேரில் பார்வையிட அனுமதி." பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். ஒரு நோட்டோடு போய், தேவையானதைக் குறித்துக்கொண்டு, நாலு பக்கம் மட்டும் நகல் வாங்குங்கள்.

தனி ஒருவரின் பயண விவரம் கிடைக்குமா?

இப்போது கடினம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடம் கொடுக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அலுவலகத்தின் மொத்தத் தொகை யாருடைய தனிப்பட்ட விஷயமும் இல்லை.

உயர் அதிகாரிகளின் கதை வேறு. மத்திய அரசில் அமைச்சர்கள், இணைச் செயலர் முதல் மேலே உள்ளவர்கள் 2012 ஜனவரி 1-க்குப் பின் போன உள்நாட்டு, வெளிநாட்டுப் பயணங்களை, எத்தனை பேர் போனார்கள், மொத்தம் எவ்வளவு செலவு என்பதோடு, யாரும் கேட்காமலேயே இணையத்தில் போட வேண்டும் என்று உத்தரவு உள்ளது. பெரிய பயணம், கொஞ்சம் பேர், வெளியிடும் செலவும் குறைவு. கண்காணிப்பை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன்.

நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த 18 ரூபாய்க் கதை என்ன?

நான் இருந்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், அலுவலக உதவியாளர் ஒருவர் கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்குத் தபால் கொண்டு வந்தார். திங்கள்நகர் வழி பஸ் அன்று ஓடவில்லை. மார்த்தாண்டம் போய் அங்கிருந்து ஏறி வந்தார். மூன்று வருடம் கழித்து தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணை, வந்தது: குறுகிய வழியில் வராததால் அதிகமாகப் பெற்ற 18 ரூபாயைப் பிடித்தம் செய்க.

விளக்கம் எழுதினோம். அன்று பஸ் ஓடவில்லை என்பதற்குச் சான்று கேட்டார்கள். பணிமனைக்கு எழுதினோம், பதில் வரவில்லை, நினைவூட்டு அனுப்பினோம். அப்போது ஒரு பதிவுத் தபாலுக்கே 22 ரூபாய். கோப்பு என் மேசைக்கும் கண்காணிப்பாளர் மேசைக்கும் ஒன்பது தடவை போய் வந்தது. ஒருநாள் அந்த அலுவலக உதவியாளரே என் முன்னால் வந்து நின்றார். "சாரே, பதினெட்டு ரூவாய்க்கு இவ்வளவு கடலாசா? நான் கெட்டிப்போடுதேன், விடுங்க."

கட்டிவிட்டார். செலானைக் கோப்பில் வைத்து, தடையை நீக்கக் கேட்டு எழுதினோம். ஒரு மாதத்தில் பதில் வந்தது: செலானின் சான்றொப்பமிட்ட நகலை இரண்டு பிரதிகளில் அனுப்பவும்.